எந்த நினைவு நாளிலும் சேராத அண்ணன்

1996 ஜனவரி 31ஆம் திகதி கொழும்பு மத்திய வங்கிக் குண்டுவெடிப்பில் இறந்தவர்களில் எனது அண்ணனும் ஒருவர். அன்று புதன்கிழமை. முற்பகல் பதினொரு மணி ஆகவில்லை. வெடிமருந்து ஏற்றிய லொறி ஒன்று ஜனாதிபதி மாவத்தையில் வங்கியின் வாசலில் மோதி வெடித்தது. 91 பேர் செத்தார்கள். காயப்பட்டவர்கள் ஏறக்குறைய 1,400 பேர். அண்ணன் வங்கியில் வேலை செய்தவர் அல்ல. கோட்டையில் ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தில் இலிகிதர். அந்த நேரத்தில் அந்த வீதியில் அவருக்கு என்ன அலுவல் இருந்தது என்பது இன்றுவரை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

இதை எழுதும்படி கேட்டவர் ஒரு ரீச்சர். 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் வெடித்த குண்டில் தன் சொந்தத்தில் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவர். ஒரு நாள் வீட்டுக்கு வந்து, பிள்ளையின் உடுப்புகளை என்ன செய்வது, படத்தை எந்த அறையில் மாட்டுவது, சின்னத் தங்கச்சிக்கு எப்போது என்ன சொல்வது என்று அடுக்கிக்கொண்டே போனார். "உங்கட வீட்டில இதையெல்லாம் எப்படிச் செஞ்சீங்க?" என்று முடித்தார். எங்கள் வீட்டில் யாரும் திட்டம் போட்டு எதையும் செய்யவில்லை. தட்டித் தடவிப் போன வழிதான். அதைச் சொன்னேன். எழுதித் தாருங்கள், வேறு ஆட்களுக்கும் காட்ட வேண்டும் என்றார்.

அன்று செய்தி எப்படி வந்தது என்பதிலிருந்தே தொடங்குகிறேன். கொழும்பில் குண்டு வெடித்ததை வானொலியில் கேட்டோம். இரவு பிபிசி தமிழோசையில் இன்னும் கொஞ்சம் விபரம் வந்தது. எங்கள் பக்கம் வீடுகளில் அப்போது டெலிபோன் கிடையாது. காத்தான்குடியில் அப்பாவுக்குப் பழக்கமான ஒரு முஸ்லிம் கடைக்காரரிடம், நாங்கள் காக்கா என்று கூப்பிடுபவரிடம், இருந்தது. நோன்பு காலம் அது. நோன்பு திறந்ததும் அந்த மனுசன் சாப்பிடக்கூடப் போகாமல் அண்ணன் தங்கியிருந்த கொட்டாஞ்சேனை வீட்டுக்கு எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்தார். மறுநாள் அப்பாவும் மாமாவும் பஸ்ஸில் புறப்பட்டார்கள். புனானைச் சோதனைச் சாவடியில் இறக்கி ஏற்றி, வழிநெடுகக் காரணம் சொல்லி, ஒருவாறு கொழும்பு போய்ச் சேர்ந்தார்கள். ஆஸ்பத்திரிப் பிரேத அறையில் அண்ணனைச் சட்டையையும் இடுப்புப் பட்டியையும் வைத்துத்தான் அடையாளம் காட்டினார்கள். அந்த நிலையில் உடலை மட்டக்களப்புவரை கொண்டுவர முடியாது என்று மாமா முடிவெடுத்தார். பொரளைக் கனத்தையில் தகனம் நடந்தது. அம்மாவுக்கு வந்து சேர்ந்தது சாம்பல்தான்.

ஒரு அலுவலகத்தில் அப்பாவிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "உங்கள் மகன் அங்கே ஏன் போனார்?" இறந்தவர் தமிழர், மட்டக்களப்பு, வயது இருபதுகளில் என்றால் அன்றைக்கு அந்தக் கேள்வி வராமல் இருக்காது. அண்ணனின் பொலிஸ் பதிவுத் துண்டும் வேலை செய்த இடத்துக் கடிதமும் கையில் இருந்தபடியால் அப்பா திரும்பி வந்தார். ஊருக்கு வந்ததும் இன்னொரு கதை. குண்டை வைத்தது யார் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், அவர்களின், விடுதலைப் புலிகளின், ஆட்சி. இந்தப் பக்கம் இராணுவம். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அண்ணனைப் பற்றிப் பேசினார்கள், சாவைப் பற்றிப் பேசவில்லை. அப்பா கேட்பவர்களுக்கெல்லாம் "கொழும்பில ஒரு விபத்து" என்று சொல்லத் தொடங்கினார். அந்தச் சொல் எங்கள் வீட்டில் பல வருடம் ஓடியது.

மட்டக்களப்பில் துக்கத்துக்குப் பஞ்சமில்லை. சத்துருக்கொண்டானில் இராணுவம் தமிழரைக் கொன்ற 1990 செப்டம்பர் 9, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் புலிகள் முஸ்லிம்களைக் கொன்ற அதே வருடம் ஓகஸ்ட் 3, மகிழடித்தீவில் 1991 ஜூன் 12, வாகரைப் பக்கம் கதிரவெளியில் 2006 நவம்பர் 8. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் உண்டு, ஒரு கூட்டம் உண்டு, பலவற்றுக்கு ஒரு தூபியோ கல்லோ உண்டு. நவம்பர் 27, மாவீரர் நாள் வந்தால் ஒரு சாரார் விளக்கேற்றுவார்கள். மே 18 வந்தால் முள்ளிவாய்க்கால் கஞ்சி. கொழும்பில் மத்திய வங்கியை நினைப்பவர்கள் நினைப்பார்கள், அங்கே ஒரு மட்டக்களப்புக் குடும்பம் போய் நிற்பதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. எங்கள் அண்ணன் எந்த நாளிலும் சேரவில்லை. தமிழர் செய்த வெடியில் செத்த தமிழருக்கு எந்தப் பக்கத்திலும் கதிரை போட்டு வைக்கவில்லை. கோபத்தில் சொல்லவில்லை, அப்படித்தான் இருந்தது. அதனால் முழு வேலையையும் வீடே செய்ய வேண்டி வந்தது. திரும்பிப் பார்த்தால் அதில் ஒரு வசதியும் இருந்திருக்கிறது. மேடை இல்லாதபடியால் அண்ணனை வேறு எதற்கும் யாரும் பயன்படுத்தவில்லை.

முதல் தகராறு திகதியில் வந்தது. அம்மாவுக்குத் திதிதான் கணக்கு. தைப்பூசத்துக்கு முந்திய வளர்பிறையில் ஐயரிடம் கேட்டு நாள் குறித்து, மரக்கறிச் சமையல், பிண்டம், தானம். தம்பிக்கு ஜனவரி 31. சுவிஸுக்குப் போன பிறகு அவனுக்குத் திதி பார்க்க வழியில்லை, ஆங்கிலத் திகதிதான் தெரியும். இரண்டும் சில வருடம் பக்கத்தில் வரும், சில வருடம் விலகிப் போகும். ஒரு வருடம் அம்மா செய்து முடித்த பிறகு தம்பி போன் எடுத்து "இண்டைக்குத்தானே?" என்று கேட்க, அம்மாவுக்கு வந்த கோபம் லேசில் ஆறவில்லை.

பிறகு இரண்டையும் பிரித்து வைத்தோம். திதி நாள் அம்மாவின் நாள், சமயக் கடமை, அதில் யாரும் கை வைப்பதில்லை. ஜனவரி 31 அண்ணனின் நாள். அன்று ஐயர் இல்லை, மந்திரம் இல்லை. அண்ணனுக்குப் பிடித்த நண்டுக் கறியும் புட்டும் சமைக்கிறோம். திவசத்தில் மச்சம் எப்படி என்று மாமி முகம் சுளித்தார். இது திவசம் இல்லை மாமி என்று சொல்லிச் சொல்லித்தான் பழக்கினோம். அடுத்தது தயிர். விடுமுறைக்கு வந்து போகும்போதெல்லாம் அண்ணன் அலுவலகத்து ஆட்களுக்கென்று எருமைத் தயிர்ச் சட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போவார். அதனால் ஜனவரி 31 அன்று தெரிந்த வீடுகளுக்கு ஒரு சட்டி தயிர் போகும். காத்தான்குடிக் காக்கா வீட்டுக்கும் போகும். அவர் 1990இல் பள்ளிவாசலில் சொந்தங்களை இழந்தவர். இரண்டு ஊருக்கும் இடையில் நடந்ததெல்லாம் எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தயிர் அதற்குள் போகாது.

சீயோன் குடும்பங்களுக்கும் இதே சிக்கல்தான். உயிர்த்த ஞாயிறு வருடா வருடம் இடம் மாறும், ஏப்ரல் 21 மாறாது. ரீச்சர் வீட்டில் ஒருவர் பெருநாளில் அழக் கூடாது என்கிறார், மற்றவர் அன்றைக்குத்தானே பிள்ளை போனது என்கிறார். நான் சொன்னது இதுதான். ஒரு நாளைக் கோயிலுக்குக் கொடுங்கள், மற்றதைப் பிள்ளைக்குக் கொடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் அமுக்கினால் வீட்டில் யாரோ ஒருவர் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டி வரும். மாமாங்கக் கோயிலில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு வருகிறவர்களைப் பாருங்கள், அப்பன் செத்த நாள் வேறு, முழுகுகிற நாள் வேறு. நமக்கு இது புதிதே அல்ல.

அடுத்தது கடதாசிகள். இதைப் பற்றி யாரும் உணர்ச்சியாகப் பேச மாட்டார்கள், ஆனால் பல குடும்பங்களை வருடக்கணக்கில் அலைக்கழித்தது இதுதான். மரணம் எங்கே நடந்ததோ அந்தப் பிரிவில்தான் பதிவாகும். அண்ணனின் மரண அத்தாட்சிப் பத்திரம் கொழும்பில், சிங்களத்தில். அவசரத்தில் எழுதியது. அப்பாவின் பெயரில் ஒரு எழுத்துத் தவறி, முதலெழுத்து இடம் மாறி, பிறப்பு அத்தாட்சியில் இருக்கிற ஆளும் இறப்பு அத்தாட்சியில் இருக்கிற ஆளும் வேறு வேறு என்று சொல்லுகிற அளவுக்குப் போயிருந்தது. அப்பா அதைப் பார்க்கவில்லை. அந்த நாளில் யார்தான் எழுத்துக் கூட்டிப் பார்ப்பார்கள்.

பிழை தெரிய வந்தது அண்ணனின் ஊழியர் சேமலாப நிதிக்கு விண்ணப்பித்தபோது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி, கிராம உத்தியோகத்தரின் கடிதம், பிரதேச செயலகத்தின் உறுதி, சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளர் செய்த தமிழ் மொழிபெயர்ப்பு, அண்ணனின் அங்கத்துவ இலக்கம், வேலை கொடுத்தவரின் இலக்கம் எல்லாம் சேர்த்துக் கொடுத்த பிறகு காசு வந்தது. அந்தச் சேமலாப நிதியை நிர்வகிப்பது யார் தெரியுமா? இலங்கை மத்திய வங்கி. அம்மா வந்த கடிதத்தின் தலைப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, அண்ணன் பொறுப்பு எடுத்திருந்த தங்கச்சியின், அதாவது என்னுடைய, வீட்டுக் கூரைக்கு அந்தக் காசைக் கொடுத்தார். எங்கள் ஊரில் வீடு பெண் பிள்ளைக்கு. அண்ணன் கொழும்புக்குப் போனதே அந்த வீட்டைக் கட்டி முடிக்கத்தான்.

இந்த வேலை மிச்சம் இருப்பவர்களுக்கு என் புத்தி இவ்வளவுதான். மரண அத்தாட்சியில் பெயர், தகப்பன் பெயர், பிறந்த இடம் மூன்றையும் பிறப்பு அத்தாட்சியோடும் அடையாள அட்டையோடும் பக்கத்தில் வைத்து, சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரோடு இருந்து பாருங்கள். திருத்த முடிந்தால் தாய் தகப்பன் உயிரோடு இருக்கும்போதே திருத்துங்கள், அவர்கள் ஒப்பம் வைத்தால் வேலை சுருங்கும். உறுதிப்படுத்திய பிரதிகளைக் கொஞ்சம் கூடுதலாக எடுத்து இரண்டு வீட்டில் வையுங்கள். இழப்பீட்டுக்கென்று 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஒரு அலுவலகம் இருக்கிறது, ஏற்கனவே புனர்வாழ்வு அதிகார சபைக்கு விண்ணப்பித்திருந்தால் அந்தப் பழைய இலக்கத்தையும் கொண்டு போங்கள். எங்கே எதைக் கொடுத்தாலும் கொடுத்த திகதியை ஒரு கொப்பியில் எழுதி, வாங்கியவரின் முத்திரையைப் பிரதியில் அடித்து வாங்குங்கள். சரி, இது போதும்.

இரண்டு வீட்டில் வையுங்கள் என்று சொன்னதற்குக் காரணம் கடல். அம்மாவின் பழைய வீடு நாவலடிப் பக்கம். 2004 டிசம்பர் 26 நாங்கள் உயிர் தப்பினோம், வீடு தப்பவில்லை. அண்ணனின் படம், பள்ளிக்கூட அத்தாட்சிகள், கொழும்பிலிருந்து வந்த பெட்டி, அந்தச் சட்டை எல்லாம் போயின. இந்தக் கரையில் படமே இல்லாமல் செத்தவரை நினைக்கிற குடும்பங்கள் நிறைய உண்டு. யுத்தம் ஆளைக் கொண்டு போயிற்று, கடல் படத்தைக் கொண்டு போயிற்று.

படம் திரும்பக் கிடைத்தது வெளிநாட்டிலிருந்து. கல்யாண வீட்டுப் படங்கள், பூப்புனித நீராட்டு விழாப் படங்கள், பள்ளிக்கூடத்துக் குழுப் படங்கள் இவற்றில் ஒரு மூலையில் ஆள் நின்றிருப்பார். அந்தக் காலத்தில் யாராவது கனடாவுக்கோ சுவிஸுக்கோ போகும்போது இப்படியான படங்களில் ஒரு பிரதி கொண்டு போயிருப்பார்கள். எங்களுக்கு அப்படி ஒரு கல்யாணப் படம் வந்தது. பந்தலுக்குப் பின்னால் பாயாச வாளியோடு அண்ணன், பாதி முகம் சிரிப்பு. அதைத்தான் வெட்டிப் பெருப்பித்தோம். எனவே உங்களிடம் படம் இல்லை என்றால் அந்த வருடங்களில் சொந்தத்தில் நடந்த விசேஷங்களைப் பட்டியல் போட்டு, அந்த வீடுகளைக் கேளுங்கள். செத்தவரின் படம் இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பார்கள். அந்தக் கல்யாண அல்பத்தை முழுவதாகப் படம் எடுத்து அனுப்புங்கள் என்று கேட்க வேண்டும்.

கிடைத்த பழைய படத்தையோ கடிதத்தையோ லமினேற் செய்யாதீர்கள். எங்கள் வெக்கையிலும் உப்புக் காற்றிலும் உள்ளே மாட்டின ஈரம் வெளியே வராது, பிறகு பிரித்தெடுக்கவும் முடியாது. ஒட்டுகிற பசை உள்ள அல்பமும் கூடாது. அமிலம் இல்லாத உறை கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் சாதாரண வெள்ளைத் தாள் உறையில் தனித் தனியாகப் போட்டு, மூடி இறுக்கமான பெட்டியில், நிலத்தில் வைக்காமல் உயரத்தில் வையுங்கள். கறையான் நிலத்திலிருந்துதான் வரும். சுவரில் மாட்டுவது பிரதியாக இருக்கட்டும்.

இன்னொன்று. மருமகன் ஒருவன் அந்தப் படத்தைப் போனில் ஏதோ ஒரு செயலியில் போட்டு, நிறம் கொடுத்து, கண்ணைச் சிமிட்ட வைத்து, அம்மாவிடம் காட்டினான். நல்லெண்ணம்தான். அம்மா பார்த்துவிட்டு, "இது ஆரு மனே?" என்றார். பிறகு யாரும் அதைத் திறக்கவில்லை. பிள்ளைகள் இப்படி ஏதும் செய்தால் முதலில் வீட்டில் வேறு ஒருவருக்குக் காட்டட்டும், தாய்க்கு நேரே வேண்டாம்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உடலைப் பார்க்காத தாய்க்கு நாள் எண்ணிச் செய்கிற கடமைகளால் ஒன்றும் முடிவதில்லை. எட்டாம் நாள் செய்தார், 31ஆம் நாள் செய்தார், ஆண்டுத் திவசம் செய்தார். ஆனாலும் பல வருடம் கழித்தும், "ஆரு முகத்தப் பாத்த? சட்டையத்தானே பாத்த" என்று கேட்பார். அந்தச் சட்டையைப் போல ஆயிரம் சட்டை கொழும்பில் விற்கும் என்பார். மாமா முதலில் சண்டை பிடித்தார், பிறகு அழுதார், பிறகு அந்தப் பேச்சு வந்தால் எழும்பிப் போய்விடுவார். நான் மறுத்துப் பேசியதும் இல்லை, ஆமென்று சொன்னதும் இல்லை. "அண்ணன் வந்தா என்ன சமைப்பீங்க?" என்று கேட்பேன். அவர் சொல்லத் தொடங்குவார். அண்ணன் மீன் தலை தின்ன மாட்டார், ஆணத்தில் புளி கூடினால் பேச்சே இல்லை, புட்டை ஊற வைத்து வைத்துத்தான் தின்பார். இப்படியே ஒரு மணித்தியாலம் போகும்.

அந்தப் பேச்சுகளைத்தான் போனில் பதிந்து வைத்தேன். குண்டு வெடித்த நாளைப் பற்றி அம்மாவிடம் கேட்டால் ஒவ்வொரு முறையும் அதே நாலு வசனம், அதே இடத்தில் அழுகை. ஒரு புது விஷயமும் வராது. சாப்பாட்டைக் கேட்டால், நீச்சலைக் கேட்டால், எந்த வாத்தியாரிடம் அடி வாங்கினார் என்று கேட்டால் ஆள் வருவார். கல்லடிப் பாலத்திலிருந்து குதித்து அப்பாவிடம் அகப்பட்டதை அம்மா சொல்லும்போது சிரித்துச் சிரித்து இருமல் வந்தது, அதுவும் பதிவில் இருக்கிறது. பதியும்போது சில விஷயம் கவனியுங்கள். மின்விசிறியை நிற்பாட்டுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்காதீர்கள், அவர் அரிசி புடைக்கும்போதோ வெற்றிலை போடும்போதோ கேளுங்கள். தொடக்கத்தில் திகதியையும் யார் பேசுகிறார் என்பதையும் நீங்களே வாயால் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருக்கும் ஒருவருக்கு அன்றைக்கே அனுப்பிவிடுங்கள், போன் தொலைந்தால் குரலும் தொலையும். அம்மா இப்போது இல்லை. அந்த இருமலுக்காக நான் இன்னும் அந்தப் பதிவைக் கேட்பதுண்டு.

யாரை அழைப்பது என்பது அடுத்த விஷயம். அண்ணனுக்குப் பேசி வைத்திருந்த மச்சாள் ஒருவர் இருந்தார், மாமியின் மகள். அண்ணன் செத்துக் கொஞ்ச வருடம் போக அவருக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகள் பெற்று வளர்த்தார். திவசத்துக்கு அவரை யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் அவர் புருசன் என்ன நினைப்பார் என்று எல்லோருக்கும் ஒரு கணக்கு. அம்மா செத்த வீட்டுக்கு வந்தபோது அவரே என்னிடம் ஒரு பார்சல் தந்தார். அண்ணன் எழுதிய கடிதங்கள். அவருடைய புருசனுக்குத் தெரிந்துதான் அத்தனை வருடமும் அலுமாரியில் இருந்ததாம். "இனி உன்னட்ட இருக்கட்டும்" என்றார். அதில் அண்ணன் கொட்டாஞ்சேனைச் சாப்பாட்டுக் கடையைத் திட்டுகிறார், கல்லுக் கட்டச் சேர்த்த காசுக்குக் கணக்கு எழுதுகிறார், ஒரு சிங்கள நண்பர் தயிர் கேட்டு நச்சரிப்பதாகச் சொல்கிறார். எங்களுக்குத் தெரியாத ஒரு அண்ணன். காதலித்தவர், கூட வேலை செய்தவர், ஒரே அறையில் தங்கியவர் இவர்களுக்கெல்லாம் நம் சடங்கில் இடமில்லை. ஆனால் கடைசி வருடங்களை வைத்திருப்பது அவர்கள்தான். தேடிப் போங்கள். கடிதங்களைப் படம் எடுத்த பிறகு மூலத்தை நான் மச்சாளிடமே திருப்பிக் கொடுத்தேன், அது அவருக்கு எழுதியது.

அந்தத் தயிர் நண்பரைக் கண்டுபிடித்தோம். நிறுவனம் எப்போதோ மூடப்பட்டுவிட்டது, ஆனால் அங்கு வேலை செய்த ஒருவரின் மகன் மூலம் ஆள் அகப்பட்டார். கொழும்புக்கு வெளியே, ஓய்வில் இருக்கிறார். ஒரு கண் இல்லை. முதலில் வெடிச் சத்தங்கள் கேட்டதாகச் சொன்னார், துப்பாக்கிச் சூடு. என்னவென்று பார்க்க எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். பிறகுதான் லொறி. அந்தக் கட்டடங்கள் எல்லாம் கண்ணாடி. அன்று கண் போனவர்கள் அத்தனை பேர் இருந்ததற்கு அதுதான் காரணம். அண்ணன் சற்று முன்னர் படி இறங்கிப் போனதைக் கண்டவர் அவர். எங்கே போகிறாய் என்று கேட்கவில்லையாம். "கேட்டிருக்கலாம்" என்று சிங்களத்தில் சொன்னார், பிறகு தமிழிலும் சொன்னார். நானும் அவரும் பேசியதில் பாதி தயிரைப் பற்றித்தான். இப்போது ஜனவரி மாதத்தில் அவருக்கும் ஒரு சட்டி போகிறது, கொழும்பு பஸ் சாரதி ஒருவர் கொண்டு போய்க் கொடுக்கிறார்.

இடத்தைப் போய்ப் பார்க்க வேண்டுமா என்று ரீச்சர் கேட்டார். சீயோன் குடும்பங்களுக்கு இடம் ஊருக்குள்ளேயே இருக்கிறது, அது வேறு வகைக் கஷ்டம். நாங்கள் கோட்டைக்குப் போனது யுத்தம் முடிந்து கன காலத்துக்குப் பிறகு. நினைவு நாளில் போகவில்லை, சாதாரண ஒரு வேலை நாளில் போனோம். அன்றைக்குப் போனால் பாதுகாப்பும் பிரமுகர்களும் இருப்பார்கள் என்பது ஒரு காரணம். மற்றது, அண்ணன் அந்த வீதியில் நடந்ததும் ஒரு சாதாரண வேலை நாளில்தானே. சதாம் வீதிச் சந்தியில் அந்தப் பழைய வெளிச்சவீட்டு மணிக்கூட்டுக் கோபுரம் நிற்கிறது, அதனடியில் நின்றால் யாரும் எதற்கு நிற்கிறீர்கள் என்று கேட்பதில்லை. மாமா கூட வந்தார், வயதான மனுசன். போவதற்கு முன் திரும்பி வரும் பஸ், சாப்பாடு, இரவு தங்கும் இடம் எல்லாவற்றையும் ஒழுங்கு செய்து வைத்தேன். ஏனென்றால் அங்கே நின்ற பிறகு எதையும் யோசிக்க ஓடாது. மாமா ஒன்றும் பேசவில்லை. வெயில் சுட்டது. பிறகு பசிக்குது என்றார், புறக்கோட்டையில் போய்ச் சாப்பிட்டோம்.

பிள்ளைகளுக்குச் சொன்னது கடைசியாக. அப்பாவின் "விபத்து" என்ற சொல்லோடுதான் என் பிள்ளைகள் வளர்ந்தார்கள், அந்தக் காலத்துக்கு அது தேவைப்பட்டது, அப்பாவை நான் குறை சொல்ல மாட்டேன். மூத்தவன் பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லக் கேட்டு வந்து நேரடியாகக் கேட்டான், மாமாவைக் கொன்றது யார்? விடுதலைப் புலிகள் என்று சொன்னேன். 2002இல் கொழும்பு மேல் நீதிமன்றம் அவர்களுடைய தலைவருக்கு, ஆள் இல்லாமலே, 200 வருடச் சிறைத் தண்டனை கொடுத்தது என்றும் சொன்னேன். அப்படியென்றால் நாம் யார் பக்கம் என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை, சத்துருக்கொண்டான் நினைவிடத்துக்குக் கூட்டிப் போனேன். காத்தான்குடிப் பள்ளிவாசல் சுவரில் வைத்திருக்கிற துப்பாக்கிச் சன்ன ஓட்டைகளைக் காக்காவின் மகன் அவனுக்குக் காட்டினார். அவன் என்ன விளங்கிக்கொண்டான் என்று இப்போதும் எனக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் கேட்கிற பிள்ளைக்குக் கேட்ட அளவுக்கு உண்மையைச் சொன்னால் அது அடுத்த கேள்வியோடு நம்மிடமே வரும். சொல்லாவிட்டால் வேறு யாரிடமாவது போகும். ரீச்சர் வீட்டுச் சின்னத் தங்கச்சி ஏற்கனவே எல்லாம் அறிந்திருப்பாள் என்றுதான் நினைக்கிறேன்.

ஒவ்வொரு வருடமும் பத்திரிகையில் நினைவஞ்சலி போடுவோம். "அகால மரணமடைந்த" என்றுதான் இத்தனை வருடமும் இருந்தது. முப்பதாவது வருட அறிவித்தலை எழுதும்போது தம்பி போனில் சொன்னான், இந்த முறை உள்ளதை எழுது. "1996.01.31 அன்று கொழும்பு மத்திய வங்கிக் குண்டுவெடிப்பில் உயிர் நீத்த" என்று எழுதி, வீட்டுத் தொலைபேசி இலக்கத்தையும் போட்டோம். தேவார வரிகளைக் குறைத்து, அண்ணன் எங்கே படித்தார், எங்கே வேலை செய்தார், வீடு கட்டக் காசு சேர்த்தார் என்று நாலு வரி வைத்தோம்.

அறிவித்தல் வந்த கிழமை அழைப்புகள் வந்தன. அண்ணனோடு படித்தவர்கள் சிலர், அவர்களுக்கு இத்தனை வருடமும் காரணம் தெரியாது. ஒருவர் கல்முனையிலிருந்து. அவருடைய தகப்பன் 1987 ஏப்ரல் 21 புறக்கோட்டை பஸ் நிலையக் குண்டில் செத்தவர், 113 பேர் இறந்த அந்த வெடி. 2019க்குப் பிறகு ஏப்ரல் 21 என்றால் எல்லோருக்கும் உயிர்த்த ஞாயிறுதான், தன் தகப்பனின் நாள் அதற்குள் அமிழ்ந்து போனது என்றார். பேசிக்கொண்டே வந்தவர் கடைசியில், மரண அத்தாட்சியில் தகப்பன் பெயர் பிழையாக இருக்கிறது, தாய்க்கு எண்பது கடந்துவிட்டது, இனித் திருத்த ஏலுமா என்று கேட்டார். ஏலும், தாய் ஒப்பம் வைக்கக் கூடியவராக இருக்கும்போதே செய்யுங்கள் என்றேன். தாயின் அடையாள அட்டை, தகப்பனின் பிறப்பு அத்தாட்சி, கல்யாணப் பதிவு மூன்றையும் எடுத்துக்கொண்டு முதலில் கிராம உத்தியோகத்தரிடம் போகச் சொன்னேன். தாய் பதுளையில் பிறந்தவராம், கல்யாணப் பதிவு எங்கே என்று தெரியவில்லையாம். தேடிப் பார்த்துவிட்டு எடுக்கிறேன் என்று போனை வைத்தார்.